தமிழ் தெரியாத டைரக்டரும் கொங்கு நாட்டு முதலாளிகளும்

அமராவதிக் கரையில் உள்ள கொமரலிங்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது 'மந்திரி குமாரி' யார் படம் என்று கேட்டுப் பாருங்கள். "எம்.ஜி.ஆர். படமுங்க" என்பார் ஒருவர். பக்கத்தில் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டியவர் இருந்தால் "கலைஞர் படம்" என்று திருத்துவார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் "சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம்" என்று பஞ்சாயத்தை முடித்து வைப்பார். மூன்றும் சரிதான். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரின் படம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. 1950இல் வந்த அந்தப் படத்தின் டைட்டிலில், டைரக்‌ஷன் என்ற இடத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரத்தின் பெயரோடு அந்த அமெரிக்கரின் பெயரும் இருக்கிறது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. டைரக்டர் பெயரைப் பார்த்துப் படத்துக்குப் போகும் பழக்கம் ஸ்ரீதரும் பாலசந்தரும் வந்த பிறகு ஏற்பட்டது. அதற்கு முன்னால் அமராவதிக் கரை ஊர்களில் டெண்டுக் கொட்டாய்க்குப் போனவர்கள் பாட்டுக்காகப் போனார்கள், வசனத்துக்காகப் போனார்கள், கத்திச் சண்டைக்காகப் போனார்கள். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொண்டு, ஒரே புரொஜெக்டரில் ரீல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் முறுக்குக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டு, நடுராத்திரி வரை படம் பார்த்துவிட்டு வாய்க்கால் வரப்பில் நடந்து வீடு திரும்பியவர்களுக்கு, திரையில் ஒரு முகம் ஏன் அத்தனை பக்கத்தில் வந்தது, அந்த முகத்தில் ஏன் பாதி மட்டும் வெளிச்சம் விழுந்தது என்ற கேள்வி எழ வேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலையைச் செய்தவரின் கதை இது. அவருக்குக் கூலி கொடுத்தவர்களின் கதையும்தான். இரண்டாவது கதையைத் தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

டங்கன் 1909 மே 11 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். சினிமாவைக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம் என்பதே அன்றைக்குப் புதுச் செய்தி. 1929இல் அந்தப் படிப்பைத் தொடங்கும்போது முன்னால் நின்றவர்களில் ஒருவர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ், ஊமைப்படக் காலத்தில் கத்தி வீசி, சாளரத்தில் தாவி, உலகம் முழுக்க ரசிகர்களைச் சேர்த்த நடிகர். ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியின் முதல் தலைவரும் அவர்தான்.

அங்கே டங்கனோடு படித்தவர் மாணிக்லால் டாண்டன். பம்பாய்ப் பணக்கார வீட்டுப் பிள்ளை. ஊருக்கு வாருங்கள், சேர்ந்து படம் எடுக்கலாம் என்று கூப்பிட்டார். அமெரிக்காவில் பெருமந்தக் காலம், படித்தவனுக்கும் வேலை இல்லை. 1935இல் டங்கனும் மைக்கேல் ஓமலேவ் என்ற இன்னொரு நண்பரும் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவது என்பதுதான் எண்ணம். ஓமலேவ் திரும்பிவிட்டார். டங்கன் பதினைந்து வருஷம் இருந்தார்.

டாண்டன் அப்போது எடுத்துக்கொண்டிருந்த படம் 'நந்தனார்'. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசிய படம். அந்தத் தொகையைப் பற்றிய பேச்சு, படத்தைவிட நீண்ட நாள் ஓடியது. பெண்ணான அவர் நந்தனாராகவும், மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியராகவும் நடித்தார்கள். அதில் சில காட்சிகளை எடுக்கும் பொறுப்பை டாண்டன் தன் நண்பருக்குக் கொடுத்தார். அமெரிக்கர் முதன்முதலில் கேமரா வழியாகப் பார்த்த தமிழ் நடிகை, கரூர்ப் பக்கம் நம்ம அமராவதி போய்ச் சேரும் காவிரியின் கரையில் பிறந்தவர் என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

அடுத்து டாண்டனிடம் ஒரு படம் வந்தது. அவருக்குக் கை ஒழியவில்லை. என் நண்பன் இருக்கிறான், அவனை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்டு வந்தவர் மனோரமா பிலிம்ஸ் ஏ.என். மருதாசலம் செட்டியார், கோயமுத்தூர்க்காரர். தமிழில் ஒரு சொல் தெரியாத, இருபத்தேழு வயதுகூட நிறையாத, அதுவரை ஒரு முழுப் படம்கூட இயக்காத வெள்ளைக்காரப் பையனை நம்பி முதல் போட அவர் ஒத்துக்கொண்டார்.

இதை அசட்டுத் துணிச்சல் என்று சொல்லத் தோன்றும். அன்றைய கோவைச் சீமையைத் தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. 1932இல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. அந்தக் கம்பி மலையிறங்கி வந்த சில ஆண்டுகளில் கோவையைச் சுற்றி நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. உடுமலை வரைக்கும் சங்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மில் கட்டியவர்களில் பலர் பருத்தி விதைத்த குடும்பத்துக்காரர்கள், அல்லது பருத்தியை வாங்கி விற்றவர்கள். மெஷின் லங்காஷயரிலிருந்து வரும். அதைப் பூட்டிக் கொடுக்க வெள்ளைக்கார ஃபிட்டர் கூடவே வருவார். அவருக்குத் தமிழ் தெரியுமா என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை. கதிர் சுற்றுகிறதா, நூல் அறாமல் வருகிறதா என்றுதான் கேட்டார்கள். பேசும் படமும் மின்சாரத்தில் ஓடுகிற ஒரு மெஷின்தானே. அதை ஓட்டத் தெரிந்த ஆளைக் கூட்டி வருவதில் அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

சினிமாவும் இந்த ஊர்களுக்குப் புதிது கிடையாது. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் படம் வரையும் வேலையை விட்டுவிட்டு 1905லேயே கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டியவர். 1914இல் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். முப்பதுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது, 1945இல் பட்சிராஜா வந்தது. சேலத்தில் ஏற்காட்டு மலையடிவாரத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம், திருச்செங்கோட்டு நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பியவர். சுந்தரம் நம் கதையில் பின்னால் மறுபடி வருவார். டங்கனின் தமிழ் வாழ்க்கையில் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் கொங்கு நாட்டுக் கல்லாப்பெட்டியிலிருந்துதான் பணம் வந்தது.

மருதாசலம் செட்டியாருக்காக டங்கன் எடுத்த படம் 'சதி லீலாவதி', 1936. எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. எம்.கே. ராதா ஏற்ற நாயகன், கெட்ட சகவாசத்தால் குடிக்கு அடிமையாகி, நண்பனைக் கொன்றுவிட்டதாக நினைத்து இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான். ராமனும் ஹரிச்சந்திரனும் வள்ளியும் திரையை நிறைத்திருந்த நேரத்தில், சட்டை போட்ட ஆள் குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடுவதைப் படமாக எடுப்பது பெரிய மாற்றம். காந்தியின் மதுவிலக்குப் பிரச்சாரம் ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்ததும் படத்துக்குத் தோதாக அமைந்தது.

படம் வெளிவருவதற்கு முன்பே வழக்கு வந்தது. மதுரை பாய்ஸ் கம்பெனி நடத்திவந்த 'பதி பக்தி' நாடகத்தின் கதையைத் திருடிவிட்டார்கள் என்று புகார். 'பதி பக்தி'யும் அதே வருஷம் படமாகிக்கொண்டிருந்தது. வாசன் சாட்சி சொன்னார்: என் கதையும் அவர்கள் கதையும் ஹென்றி வுட் சீமாட்டி எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவலிலிருந்து வந்தவைதான். வழக்கு அதோடு படுத்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் புகுந்திருக்கும்போது ஒருவர் மற்றவரைத் திருடன் என்று எப்படிச் சொல்வது?

இன்றைக்கு அந்தப் படத்தை நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. அதில் ரங்கய்ய நாயுடு என்ற இன்ஸ்பெக்டராகச் சில காட்சிகளில் வந்து போகும் பத்தொன்பது வயதுப் பையன் எம்.ஜி. ராமச்சந்திரன். டி.எஸ். பாலையாவுக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும்கூட அதுதான் திரையில் தொடக்கம். ஒரே படத்தில் ஒரு கதாநாயகன், ஒரு வில்லன், ஒரு நகைச்சுவை நடிகர் என்று அடுத்த தலைமுறைக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. டங்கனின் கண்தான் அவர்களைக் கண்டுபிடித்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அவர்கள் பாய்ஸ் கம்பெனி மேடைகளில் அடிபட்டு மிதிபட்டு வந்தவர்கள். சினிமாவுக்கு வரும் வரிசையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். அமெரிக்கர் கதவைத் திறக்கும் நேரத்தில் அங்கே இருந்தார், அவ்வளவுதான்.

அந்த மேடைப் பழக்கம்தான் அவருக்குப் பெரிய தலைவலி. நாடக நடிகர் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று கத்திப் பேசுவார். ஜனங்களுக்கு முதுகு காட்டக்கூடாது என்பதால் எதிரே நிற்பவரைப் பார்க்காமல் கொட்டகையைப் பார்த்துப் பேசுவார். அரிதாரம் காலங்குலம் இருக்கும். கேமராக்காரர்களும் அதற்கு ஏற்றாற்போல் கேமராவை முன் பெஞ்சுக்காரர் மாதிரி ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டு எடுத்தார்கள். டங்கன் கேமராவை நகர்த்தினார், அரிதாரத்தைக் குறைத்தார், எடுக்கப்போவதை முன்கூட்டியே காகிதத்தில் ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு தளத்துக்கு வந்தார். குளோசப்பை அவர்தான் தமிழுக்குக் கொண்டுவந்தார், கிளப் டான்ஸை அவர்தான் கொண்டுவந்தார் என்று 'முதல்' பட்டியல் ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறது. முப்பதுகளில் வந்த படங்களின் பிரதிகள் பெரும்பகுதி அழிந்துவிட்ட நாட்டில் யார் முதல் என்று அடித்துச் சொல்வது ஜோசியம். ஒழுங்காகத் திட்டம் போட்டுக்கொண்டு தளத்துக்கு வருவது என்பது மட்டும் அவரோடு வேலை செய்த எல்லாரும் சொல்லிவந்த விஷயம்.

தமிழ் தெரியாமல் எப்படிச் சமாளித்தார்? வசனத்தாளில் தமிழுக்குப் பக்கத்தில் ஆங்கிலம் இருக்கும். வசனத்தைக் கேட்டுச் சரிபார்க்கத் தனி ஆள் இருப்பார். ஒரு சொல் தவறினால் அவர் சொல்வார். டங்கன் நடிகரின் முகத்தையும் நடையையும் கவனித்துக்கொள்வார். வேலை பங்கு பிரிந்துவிட்டது. சொல் தமிழர்களுடையது, படம் அவருடையது. அதனால்தான் அவர் எடுத்த படங்களில் வெள்ளைக்காரத் தமிழ் எங்கேயும் ஒட்டவில்லை. தமிழை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வசனத்தில் கை வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

'சதி லீலாவதி'க்குப் பின் அதே வருஷம் கோவை பரமேஸ்வரி சவுண்ட் பிக்சர்ஸுக்காக 'இரு சகோதரர்கள்' எடுத்தார். கே.பி. கேசவன் நாயகன், எம்.ஜி.ஆருக்கு அதிலும் சின்ன வேடம். அந்த ஆண்டே 'சீமந்தினி' என்று இன்னொரு படமும். அவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை.

1937இல் வந்த 'அம்பிகாபதி' வேறு விஷயம். சேலம் சங்கர் பிலிம்ஸ் தயாரிப்பு. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் காதலர்கள், பாலையா வில்லன். கம்பன் மகன் சோழ ராஜகுமாரியைக் காதலித்துத் தலையைக் கொடுத்த கதை நமக்குத் தெரியும், டங்கனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ரோமியோ ஜூலியட். உப்பரிகையில் நிற்கும் பெண்ணும் கீழே நிற்கும் ஆணும் அவருடைய மனதில் இருந்தார்கள். அந்த மனக்காட்சிக்குத் தமிழ் கொடுத்தவர் இளங்கோவன். அதுவரை சினிமா வசனம் என்றால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மூச்சு விடும் நேரம். இளங்கோவன் அதைக் கேட்டு ரசிக்கக்கூடிய ஒன்றாக ஆக்கினார். பின்னால் திராவிட இயக்கத்தார் திரையில் செய்த வசன வித்தைக்கெல்லாம் வாசல் இங்கேதான் திறந்தது. மொழி தெரியாத டைரக்டரின் படத்தில் வசனகர்த்தா பிறந்தார் என்பது வேடிக்கையாகத் தெரியலாம். யோசித்தால் அது அங்கேதான் நடந்திருக்க முடியும். சொல்லைப் பற்றி அதிகாரம் பண்ணத் தெரியாத டைரக்டரிடம்தான் எழுத்தாளனுக்கு இடம் கிடைக்கும். படம் ஓராண்டு ஓடியது. பாகவதர் சூப்பர் ஸ்டார் ஆனார், அந்தச் சொல் அப்போது புழக்கத்தில் இல்லாவிட்டாலும்.

நாற்பதுகளின் தொடக்கத்தில் வரிசையாகப் படங்கள். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையைக் கதாநாயகனாக்கிய 'காளமேகம்' 1940இல் வந்தது. பிள்ளைவாளின் வாத்தியத்துக்கு உலகமே அடிமை, ஆனால் அவரை நடிக்கச் சொன்னது யார் யோசனையோ. அதே ஆண்டு டி. சதாசிவம் தயாரித்த 'சகுந்தலை'. எம்.எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி.என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன். சங்கீத உலகின் இரண்டு பெரிய குரல்களைக் காதலர்களாக்கிய படம். கச்சேரி மேடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பாடியவர்களை நடந்து, திரும்பி, ஒருவரை ஒருவர் பார்க்க வைத்ததே டைரக்டரின் சாதனை.

அதற்கடுத்து 'மீரா'. டங்கனின் பெயரை நினைவில் வைத்திருக்கும் கொஞ்சம் பேரும் வைத்திருப்பது இந்தப் படத்துக்காக. சதாசிவமும் எம்.எஸ்ஸும் 1940இல் திருமணம் செய்துகொண்டிருந்தார்கள். 'மீரா' மனைவிக்காகக் கணவர் கட்டிய கோயில். செலவைப் பற்றிக் கவலைப்படாத தயாரிப்பாளர், ஒழுங்குக்குப் பேர்போன டைரக்டர், கல்கியின் எழுத்து, எஸ்.வி. வெங்கட்ராமனின் இசை, சித்தூர் ராணாவாக நாகையா. தளபதி ஜெயமல் என்ற சின்ன வேடத்தில் மறுபடியும் எம்.ஜி.ஆர்.

டங்கனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. எம்.எஸ். நடிகை இல்லை, பாடகி. பாடும்போது அவர் முகத்தில் வருவது நடிப்பைவிட மேலானது, ஆனால் அதைக் கேமரா பிடித்தால்தான் உண்டு. டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் எம்.எஸ்ஸின் தலையையும் முகத்தையும் மார்பளவுச் சிலையாகச் செய்யச் சொன்னார்கள். ஸ்டூடியோவில் அந்தச் சிலையை வைத்துக்கொண்டு, விளக்கை மேலே தூக்கி, கீழே இறக்கி, இடது பக்கம், வலது பக்கம் என்று மாற்றி மாற்றி எந்த வெளிச்சம் எந்தக் கோணத்தில் அந்த முகத்துக்குப் பொருந்துகிறது என்று சோதித்துக் குறித்துவைத்தார்கள். அதன் பிறகுதான் எம்.எஸ்ஸை விளக்குக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். படத்தில் மீரா கண்ணை மூடிப் பாடும் இடங்களை இப்போது பார்த்தால் இந்த உழைப்பு தெரியும். பக்தி அவருடைய குரலில் இருந்தது. அது கண்ணுக்கும் தெரியும்படி செய்ய, இரண்டு பேர் ஒரு சிலையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

படப்பிடிப்புக் குழு உதயப்பூர், சித்தூர், பிருந்தாவனம், துவாரகை என்று வடக்கே போய் எடுத்தது. போர்க்காலம், பிலிம் தட்டுப்பாடு, ரயிலில் இடம் கிடைக்காது. ஸ்டூடியோவில் ஒரு திரைச்சீலையில் அரண்மனையை வரைந்து முடித்துவிட்டிருக்கலாம், அன்றைக்கு யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1945 தீபாவளிக்குத் தமிழ்ப் படம் வந்தது. 1947இல் இந்தியில் வந்தபோது சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்ஸை வடநாட்டாருக்கு அறிமுகப்படுத்திப் பேசினார். அதோடு எம்.எஸ். நடிப்பதை நிறுத்திவிட்டார்.

போர் நடந்த ஆண்டுகளில் டங்கன் சென்னை மாகாண அரசுக்கு அதிகாரபூர்வப் புகைப்படக்காரராகவும் இருந்தார். நடுவில் 1943இல் 'தாசிப்பெண்'. அதிலும் எம்.ஜி.ஆர். உண்டு.

இனி சேலம். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் மற்ற ஸ்டூடியோக்கள் மாதிரி கிடையாது. சுற்றுச்சுவருக்குள்ளேயே எல்லாம். தளம், லேப், நடிகர்கள் தங்க இடம், மாதச் சம்பளம். சங்கு ஊதினால் ஆள் உள்ளே இருக்க வேண்டும். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் அங்கேதான் தயாரானது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மூலம் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் அங்கிருந்து வந்தது. நூல் மில்லை நடத்துகிற மாதிரி ஸ்டூடியோவை நடத்தினார் என்று சுந்தரத்தைப் பற்றிச் சிலர் குறையாகச் சொன்னார்கள். லீட்ஸில் படித்தவர் வேறு எப்படி நடத்துவார்? டங்கனுக்கு அந்த இடம் பிடித்திருக்க வேண்டும். திட்டம் போட்டு வேலை செய்கிற இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்தார்கள்.

அங்கே அவர் எடுத்த இரண்டு படங்களும் 1950இல் வந்தன. 'பொன்முடி', பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவியது. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் நெருக்கமாக நடித்த காதல் காட்சிகளுக்குக் கடும் கண்டனம் வந்தது. வெள்ளைக்காரன் நம் பண்பாட்டைக் கெடுக்கிறான் என்ற பேச்சு அப்போது கிளம்பியது. கதையின் தலைப்பிலேயே முத்தத்தை வைத்தவர் புதுச்சேரிக் கவிஞர் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

'மந்திரி குமாரி'யின் கதை குண்டலகேசியிலிருந்து மு. கருணாநிதி எடுத்து நாடகமாக எழுதியது. ராஜகுருவாக எம்.என். நம்பியார், அவர் மகனாகவும் பகலில் பெரிய மனிதன், ராத்திரியில் கொள்ளைக்காரனாகவும் எஸ்.ஏ. நடராஜன், தளபதி வீரமோகனாக எம்.ஜி.ஆர்., மந்திரியின் மகளாக மாதுரி தேவி. படத்தின் தலைப்பே சொல்கிற மாதிரி கதை அவளுடையது. எம்.ஜி.ஆர். நாயகன் என்றாலும் முடிவெடுப்பது அவள். தன்னைக் கொல்வதற்காகக் கணவனான அந்தக் கொள்ளைக்காரன் மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான் என்று தெரிந்ததும், கடைசியாக உன்னை வலம் வருகிறேன் என்று பின்னால் போய் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

அந்த மலையேற்றத்துக்கு ஒரு டூயட் வைத்தார்கள். ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. எழுபத்தைந்து வருஷமாகக் கல்யாண வீட்டு மைக்செட்டில்கூடப் போடுகிறார்கள். கொலைக்குக் கூட்டிப் போகிற பாட்டு அது என்பதை மறந்தேவிட்டார்கள். மெட்டு இனிக்கிறது, அவன் சிரிக்கிறான், பார்க்கிற நமக்கு மட்டும் வயிற்றைப் பிசைகிறது. காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது இன்னொன்று. சொல்லை மற்றவர்களிடம் விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்ட டைரக்டர், அந்தப் பிரிவினையிலிருந்தே ஒரு காட்சியை எடுத்துவிட்டார். டங்கன் செய்த எல்லாவற்றிலும் எனக்கு இதுதான் உசத்தி. 'மீரா'வை இதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன்.

படம் முடியும் முன்பே அவர் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். மீதியைச் சுந்தரம் முடித்தார். இரண்டு பெயர்கள் போட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆனாலும் சேலத்துத் தொடர்பு அறுந்துபோகவில்லை. 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து 'தி ஜங்கிள்' எடுத்தபோது அதில் டங்கனும் இருந்தார். வில்லியம் பெர்க் டைரக்டர். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்சர் என்று மூன்று ஹாலிவுட் நடிகர்கள் சேலத்து வெயிலில் வந்து நடித்தார்கள். நம்பியாரும் அதில் உண்டு. காட்டில் மாமூத் என்கிற ஆதிகால ரோம யானைகள் உயிரோடு இருக்கின்றன என்பது கதை. சாதாரண யானைகளுக்குச் சடையும் ரோமமும் கட்டி ஓடவிட்டார்கள். தமிழில் 'காடு' என்ற பெயரில் வந்தது. படம் சுமார் ரகத்திலும் சேராது.

அமெரிக்காவில் டங்கன் ஹாலிவுட்டில் பெரிய டைரக்டராகவில்லை. இந்தியக் காடும் யானையும் தேவைப்பட்ட படங்களுக்கு உதவினார். பிறகு, பிறந்த ஊர்ப் பக்கம், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வீலிங் நகரத்தில் குடியேறி, கம்பெனிகளுக்கும் அமைப்புகளுக்கும் ஆவணப்படம் எடுத்துக் கொடுத்து வாழ்ந்தார். பாகவதரையும் எம்.எஸ்ஸையும் இயக்கியவர் என்பது அக்கம்பக்கத்தில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

எம்.ஜி.ஆர். கதையையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 'சதி லீலாவதி' இன்ஸ்பெக்டருக்கு நாயகன் வேடம் கிடைக்கப் பதினோரு வருஷம் ஆனது. 1947இல் 'ராஜகுமாரி', அதுவும் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில். 1958இல் அவரே 'நாடோடி மன்னன்' படத்தைத் தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தார். முப்பதுகளின் கடைசியில் படப்பிடிப்புக்காகக் கல்கத்தாவில் இருந்தபோது பார்த்த, ரொனால்ட் கோல்மன் நடித்த 'இஃப் ஐ வேர் கிங்' என்ற ஹாலிவுட் படம் அந்த யோசனைக்கு வித்து. பின்னர் 'உலகம் சுற்றும் வாலிபன்', 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' என மேலும் இரண்டு படங்களை இயக்கினார். நடிகரே டைரக்டராவது என்ற அமெரிக்க வழக்கம் தமிழில் அவர் கையில் நிலைத்தது. டங்கனின் நான்கு படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் நின்று பார்த்ததற்கு அதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். கேமரா எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்து நிற்கும் நடிகர் அவர். அந்தப் பாடம் மேடையில் கிடைக்காது.

1994இல் சென்னைத் திரையுலகம் டங்கனை அழைத்துப் பாராட்டியது. எண்பத்தைந்தாவது வயதில், நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன நாட்டைப் பார்க்க வந்தார். பார்பரா ஸ்மிக்கோடு சேர்ந்து தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக்கினார். அது 2001இல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று வீலிங்கில் காலமானார். 2013இல் கரண் பாலி என்பவர் 'ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' என்று அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். நல்ல படம்தான். தலைப்பில்தான் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். மெட்ராஸ் சரி, கோயமுத்தூரும் சேலமும் எங்கே போச்சு?

மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று வீடுகள். ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். 'அம்பிகாபதி'யும் 'மீரா'வும் 'மந்திரி குமாரி'யும் போனிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. மூன்றையும் பார்க்க நேரமில்லாதவர்கள் அந்த மலையேற்றத்தை மட்டும் பாருங்கள், ஒரு தடவை சத்தத்தோடு, இன்னொரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு.